குசினிக்குத் திரும்பாத சட்டி

என் அன்பு மருமகனுக்கு,

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து மாமி எழுதுகிறேன். நீங்கள் இருந்த காலத்தில் உங்களுக்கு நான் ஒரு துண்டுக் கடதாசிகூட எழுதியதில்லை. ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு எதற்குக் கடிதம்? ஏச வேண்டியதை நேரே ஏசினேன், சாப்பிட வரச்சொல்லி நேரே கூப்பிட்டேன். இப்போது கூப்பிட ஆளில்லை. ஏசவும் ஆளில்லை.

முதலில் நீங்கள் கேட்கக்கூடிய செய்தியைச் சொல்லிவிடுகிறேன். சண்டையால் பூட்டிய யாழ்ப்பாணப் பாதை இன்னும் திறக்கவில்லை. திறக்கும் திறக்கும் என்று பேப்பரில் போடுகிறார்கள், அந்தப் பேப்பரில்தான் கடைக்காரன் பாண் சுற்றித் தருகிறான். பாதை திறக்கும்வரை உங்களைக் கரைப்பதில்லை என்று உங்கள் அம்மாவுக்குச் சொன்ன சொல்லை நானும் மகள் வசந்தியும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம். ஆகவே உங்கள் சாம்பல் இன்னும் எங்கள் பல்கனியில்தான் இருக்கிறது. ஆனால் இருக்கிற பாத்திரம் மாறிவிட்டது. எந்தப் பாத்திரம் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதை வேறு ஆட்களும் வாசிக்கப் போகிறார்கள். அவர்களுக்காக உங்களுக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்தபோது உங்கள் சூட்கேசோடு ஒரு தூண்டில் தடியும் வந்தது. நாங்கள் சுத்த சைவம், முட்டைகூட வீட்டு வாசல் மிதித்ததில்லை. நீங்கள் சாப்பாட்டில் எந்தக் குறையும் சொல்லாமல் எங்களோடு சைவமாகவே இருந்தீர்கள். ஆனால் வேலையால் வந்து தேத்தண்ணி குடித்த கையோடு தடியைத் தூக்கிக்கொண்டு றெயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கல்லுகளில் போய் நின்றுவிடுவீர்கள். போகும்போது ஆமிக்காரர் சோதிக்கிற சென்றியில் அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, தடியையும் காட்ட வேண்டும். பிடிபட்ட பாரை மீன் எல்லாம் எங்கள் ஒழுங்கை முனையில் புடவைக் கடை வைத்திருக்கும் உங்கள் சிநேகிதன் நிஸாமின் வீட்டுக்குப் போனது.

"தின்னாத மீனை என்னத்துக்குப் பிடிக்கிறியள்?" என்று கேட்டேன்.

"எறிஞ்சு இழுக்கிறதுதான் மாமி. மனம் கொஞ்சம் அடங்கும்" என்றீர்கள்.

அந்த நாட்களில் யாருக்குத்தான் மனம் அடங்கிக் கிடந்தது? அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. ஆனால் ஒரு சட்டம் போட்டேன். இறாலோ, புழுவோ, கணவாய்த் துண்டோ, தூண்டிலில் குத்துகிற எதுவும் இந்த வீட்டுக்குள் வரக் கூடாது. நீங்கள் ஓம் என்று தலையாட்டினீர்கள். அந்தச் சட்டத்தால்தான் நீங்கள் ரப்பர் மீனுக்குப் போனீர்கள். உயிரில்லை, நாற்றமில்லை, மாமிக்கும் ஆட்சேபணை இருக்காது என்று கணக்குப் போட்டிருப்பீர்கள்.

ரப்பர் என்று பெயர்தான். கையில் எடுத்தால் ஜெலி மாதிரித் துவளுகிற பிளாஸ்டிக். சின்ன மீன் உருவம், வால் மட்டும் தண்ணீரில் படபடக்கும். நல்ல மீன் ஒன்று கடித்தால் வால் அறுந்து போகும். கடையில் கிடைப்பதும் அருமை. அறுந்ததையெல்லாம் நீங்களும் நிஸாமும் ஒரு போத்தலில் சேர்த்தீர்கள். கூட நின்று மீன் பிடிக்கிறவர்களிடமும் கேட்டு வாங்கினீர்கள். பிறகுதான் அந்த யோசனை வந்தது, உருக்கி அச்சில் ஊற்றினால் திரும்பவும் மீனாகும் என்று. பிளாஸ்டர் அச்சு செய்து, வார்னிஷ் பூசிக் காயவைத்தீர்கள். எல்லாம் இருந்தது. உருக்கச் சட்டி மட்டும் இல்லை.

என் தேத்தண்ணிச் சட்டியை எடுத்தது யார் என்று நான் விசாரிக்கவே தேவைப்படவில்லை. நடுவில் கறுப்பு வட்டம், விளிம்பில் பச்சைப் பசை. வீடு முழுக்க எரிந்த செருப்பு மணம்.

"மாமி, அடியிலை பிடிச்சுப் போச்சு. மேலை இன்னும் கட்டியாக் கிடக்கு" என்று என்னிடமே முறைப்பாடு வைத்தீர்கள்.

"பேப்பர் மாதிரி மெல்லிய சட்டியிலை வைச்சா அடிப்பிடிக்காமல் என்ன செய்யும்? இதிலை நான் பாகு காய்ச்சுவனோ?"

சொல்லி வாய் மூடவில்லை, உங்கள் கண்கள் மேல்தட்டில் இருந்த என் பாகுச் சட்டிக்குப் போய்விட்டன. அதைத் தொட்டால் நான் திரும்ப ஊருக்கே போய்விடுவேன் என்று சொன்னேன். ஊருக்குப் பாதை இருந்தால்தானே போவதற்கு என்று வசந்தி உள்ளிருந்து சொல்லிச் சிரித்தாள். அப்போதுதான் பாதை பூட்டிய புதிது. அதைப் பற்றிச் சிரிக்க முடிந்தது.

அதற்குப் பிறகு எனாமல் கோப்பையில் வைத்துப் பார்த்தீர்கள். சூட்டில் எனாமல் செதில் செதிலாகத் தெறித்து மீனுக்குள் போய் உட்கார்ந்தது. பால்மா டின்னை வாய் நெளித்து மூக்கு வைத்துப் பார்த்தீர்கள். ஊற்ற நன்றாக வந்தது, ஆனால் பிடிக்கக் கைபிடி இல்லை, விரல் வெந்தது. அந்தக் கொப்பளத்தைப் பார்த்த பிறகு எனக்கு மனம் கேட்கவில்லை. மீன் பாவம், விரலும் பாவம். ஒரு சனிக்கிழமை, "வெளிக்கிடுங்கோ, கொட்டாஞ்சேனைக்குப் போவம்" என்றேன்.

அங்கே சட்டிகளை நிறுத்து விற்கிற கடை ஒன்று எனக்குத் தெரியும். இரண்டு பஸ் மாறிப் போனோம். நான் ஒவ்வொரு சட்டியையும் விரல் மொளியால் தட்டிப் பார்த்தேன், நீங்கள் பக்கத்தில் நின்று அதே மாதிரித் தட்டினீர்கள். டிங் என்று சத்தம் நீண்டால் மெல்லியது. டப் என்று அடங்கினால் தடித்தது, அதில் சூடு ஓரிடத்தில் நிற்காமல் எல்லாப் பக்கமும் பரவும். பாகுக்கு நான் பார்ப்பது அதைத்தான். நீங்கள் பார்த்தது மூக்கை. வார்ப்பு அலுமினியச் சட்டி, மரக் கைபிடி, இறுக்கமான மூடி, பக்கத்தில் கூரான மூக்கு. எல்லாம் பொருந்தி வந்தது ஒன்றே ஒன்றுதான். வாங்கியிருக்கலாம். ஆனால் நீங்கள் கடைக்காரரிடம் ஒரு ஜக் தண்ணீர் கேட்டு வாங்கி, சட்டியை நிரப்பி, அங்கேயே நிலத்தில் ஊற்றிப் பார்த்தீர்கள்.

"சார், சார்! கடைய நனைக்காதீங்க சார்! சாக்கெல்லாம் ஊறிடும்!"

"பொறுங்கோ அண்ணை, ஒழுகுதோ எண்டு பாக்கிறன்."

"சட்டி ஒழுகாது சார், உங்க கைதான் ஆடுது!"

உண்மைதான். உங்கள் கை ஊற்றும்போது ஆடும். சட்டியை நான் வாங்கி ஊற்றிக் காட்டினேன். தண்ணீர் ஒரே நூலாக இறங்கியது, அடியில் ஒரு சொட்டும் கசியவில்லை. கடைக்காரர் கோபத்தை மறந்து, "அம்மா ஊத்துறாங்க பாருங்க" என்றார். உங்கள் முகத்தில் வந்த சந்தோஷத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். பொலிஸ்காரன் சட்டியைத் திறந்து உள்ளே பார்த்து, "மே மொகட்டத?" என்று, இது எதற்கு என்று சிங்களத்தில் கேட்டான். பிளாஸ்டிக் உருக்க என்று சொன்னால் அன்றைக்கு வீடு வந்து சேர மாட்டோம் என்பது எனக்குத் தெரியும். "பெனி ஹதன்ன மஹத்தயா" என்றேன், பாணி காய்ச்ச. மூடியைப் போட்டுத் திருப்பித் தந்தான். பஸ்ஸில் ஏறியதும், "சைவப் பழமாய் இருந்துகொண்டு பொய் சொல்லீட்டியள் மாமி" என்று காதுக்குள் சொன்னீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டாவது சட்டம் போட்டேன். இந்தச் சட்டி ஒருநாளும் குசினிக்குள் வரக் கூடாது. ஒருக்கால் பிளாஸ்டிக் உருகிய சட்டியில் எத்தனை தரம் புளி போட்டுத் தேய்த்தாலும் சாப்பாட்டுக்கு ஆகாது. அதற்கு இடம் பல்கனி. அங்கே இருந்த பழைய பலகை அலுமாரியில் மின்னடுப்பும் அச்சுகளும் சட்டியும் குடியேறின. மணமும் கடற்பக்கமாகவே போய்விடும்.

இருந்தும் பின்னேரங்களில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? மூக்கில் துவாய்த் துண்டைக் கட்டிக்கொண்டு உங்களுக்கு அச்சுப் பிடித்துக்கொண்டிருந்தேன். வசந்தி வேலையால் வரப் பிந்தும், இரண்டு கை உங்களுக்குப் போதாது. முதலில் சட்டியைத் துடைத்து வெறும் சூட்டில் வைப்பீர்கள். "ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் துள்ளும் மாமி. சட்டிக்கு ஈரம் ஆகாது" என்பீர்கள். பிறகு துண்டு துண்டாகப் போட்டு, மெல்லக் கிண்டி, மஞ்சள் அடிக்கும் முன் இறக்க வேண்டும். பாகுக்கும் இதே பதம் பார்க்கிற வேலைதானே. கொஞ்ச நாளில் ஊற்றுகிற வேலையும் என் கைக்கு வந்துவிட்டது.

"நூல் அறாமல் ஊத்துங்கோ மாமி. இடையிலை அறுந்தா அந்த இடத்திலை ஒரு கோடு விழும். மீன் இழுக்கேக்கை அதிலைதான் பிரியும்."

மீனைத் தொடாத கையால் எத்தனை ரப்பர் மீன் ஊற்றியிருப்பேன்! மிஞ்சியதைச் சட்டியிலேயே விட்டு மூடிவிடுவீர்கள். ஆறினால் தோசை போலக் கழன்று வரும், அடுத்த தரம் அதையே உருக்கலாம். கடைசியாக ஊற்றியது பச்சை. அதையும் அப்படித்தான் விட்டு மூடினீர்கள்.

மறுநாள் அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டீர்களாம். ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. செய்தி கேட்டவர்கள் எல்லோரும், "எங்கை வெடிச்சது?" என்றுதான் முதலில் கேட்டார்கள். வெடிக்கவில்லை, நெஞ்சுவலி என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போனது. சும்மா நோய் வருத்தத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளை சாவதையும் விளங்கப்படுத்த வேண்டிய காலமாகிவிட்டது. நாற்பது வயதும் ஆகாத உங்களுக்கு ஏன் நெஞ்சு வலித்தது என்று என்னாலும் யாருக்கும் சொல்ல முடியவில்லை. உங்களுக்காவது தெரியுமா?

கனத்தை மயானத்தில் எரித்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து உங்கள் அம்மாவால் வர முடியவில்லை. கப்பலுக்கும் பிளேனுக்கும் அனுமதி எடுத்து அவர் வருவதற்குள் சடலம் தாங்காது. தொலைபேசியில் அவர் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"அக்கா, என்ரை பிள்ளையின்ரை முகத்தைத்தான் பாக்கேல்லை. அங்கை கடலிலை கரைச்சுப் போடாதேங்கோ. எப்ப எண்டாலும் கீரிமலைக்குக் கொண்டு வாங்கோ. நான் இருப்பன்."

ஊர்ச் சனம் சாம்பல் கரைக்கிற கீரிமலைக் கடற்கரைக்குள் ஆமி விடுவானா என்பது வேறு கதை. ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல? ஐயர் முகம் சுளித்தார், சாம்பலை இப்படி வைத்திருக்கக் கூடாது என்றார். சொந்தக்காரர்களும் சொன்னார்கள். வசந்திக்கும் உங்களை உங்கள் கல்லுகளுக்கு முன்னாலேயே கரைக்கத்தான் விருப்பம். ஆனால் மாமியார் கேட்டதற்கு மாறாக அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எந்த வார்த்தையும் பேசவில்லை என்பதுதான் சரி. அழவும் இல்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், வைத்ததைத் தின்றாள். நான் பெற்ற பிள்ளையை என் கண்ணுக்கு முன்னாலேயே காணவில்லை.

வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று நான்தான் சொன்னேன். அவசரத்தில் வாங்கிய மண்பானையில் உங்களைப் போட்டு, வாயை வெள்ளைத் துணியால் கட்டி, பல்கனி அலுமாரியில் வைத்தோம். மேல்தட்டில் நீங்கள், கீழ்த்தட்டில் உங்கள் சட்டி. உள்ளே வரத் தடை போட்ட இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தன. விளக்கு வைக்கப் போகும்போது இதை நினைத்து நினைத்து எத்தனை நாள் அழுதிருப்பேன்.

மழைக்காலம் வந்தது. ஒரு பின்னேரம் அலுமாரியைத் துடைக்கப் போன வசந்தி பானையைத் தூக்கினாள். மேற்பாதி கையோடு வந்தது, அடி அங்கேயே இருந்துவிட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். பானைக்குக் கீழே ஒரு தட்டு. தட்டில் தண்ணீர்.

எறும்பு வரக் கூடாது என்று வைத்திருக்கிறாள், மருமகன். பணியாரச் சட்டிக்கும் சீனிப் போத்தலுக்கும் நாங்கள் வைக்கிற மாதிரி. சின்ன வயதிலிருந்து இந்த வீட்டில் பார்த்த பழக்கம், கை தன்பாட்டில் செய்திருக்கிறது. வற்ற வற்ற நிரப்பியும் இருக்கிறாள். நல்லாகச் சுடாத பானை, தண்ணீரைக் குடித்துக் குடித்து அடி ஊறி விட்டுவிட்டது. சாம்பலில் கால்வாசி நனைந்து தட்டிலே கிடந்தது.

"அம்மா... நான் அவரை நனைச்சுப் போட்டன். அம்மா, அவரை நனைச்சுப் போட்டன்."

அப்போதுதான் அழுதாள். நீங்கள் போன நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அவ்வளவும் வந்தது. மேல்வீட்டு மனிசி வந்து மணி அடிக்கும் அளவுக்கு அழுதாள். நான் அவளைத் தடுக்கவில்லை.

பிறகு குசினிக்குள் ஓடினாள். ஒரு கையில் சில்வர் வாளி, மற்றக் கையில் பால்மாப் போத்தல். "குசினிச் சாமான் வேண்டாம் பிள்ளை, திரும்பிப் புழங்க ஏலாது" என்றேன். புதிதாக வாங்கலாம் என்றால் அடைமழை, கடைகளும் பூட்டுகிற நேரம். இரண்டு பேரும் நின்றோம். அவள்தான் குனிந்து கீழ்த்தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

மூடியைத் திறந்து சட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். உங்கள் பச்சை வட்டமாகக் கழன்று அவள் கையில் விழுந்தது. அதை மூக்கில் வைத்து மணந்து பார்த்தாள். நான் மின்னடுப்பை எடுத்துச் சட்டியைத் துடைத்து வெறும் சூட்டில் வைத்தேன். ஈரம் ஆகாது என்று நீங்கள் சொன்னதுதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

நனைந்த சாம்பலை மழைக் காற்றில் காயவைக்க முடியாது. என் சட்டத்தை நானே உடைத்தேன். ஹோலுக்கு நடுவில் உங்கள் வேட்டியை விரித்து, உங்களை வீட்டுக்குள் கொண்டுவந்தோம். ஜன்னல் எல்லாம் சாத்தி, ஃபானையும் நிற்பாட்டி, வேர்த்து ஒழுக இரண்டு பக்கமும் காவல் இருந்தோம். இவ்வளவு நாளும் உங்களை ஏன் வெளியே விட்டேன் என்று அப்போது தோன்றியது. சொந்த வீட்டுக்குள் வர உங்களுக்கு என்ன தடை?

காய்ந்ததும் சட்டியில் போட்டு, மூடி, துணியால் கட்டினோம். அடுத்த நாள் உங்கள் அம்மாவுக்குச் சொன்னேன். மறைக்க எனக்கு மனமில்லை. பானை உடைந்ததைச் சொன்னேன், தட்டுத் தண்ணீரைச் சொன்னேன், எந்தச் சட்டி என்பதையும் சொன்னேன்.

"மூடி இருக்கோ?" என்று கேட்டார்.

"ஓம். இறுக்கமான மூடி."

"ஒழுகாதோ?"

"ஒழுகாது. அவரும் நானும் கடையிலை தண்ணி ஊத்திப் பாத்து வாங்கினது."

"அப்ப சரி" என்றார். பிறகு, "வசந்தியை ஏசிப் போடாதேங்கோ. எறும்பு கடிக்கக் கூடாதெண்டு நினைச்ச பிள்ளை" என்றார். அன்றைக்குத்தான் அவரும் அழுதார்.

நிஸாம் வந்து பார்த்துவிட்டுப் போனார். பச்சை வட்டத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "நல்லாத்தான் ஈக்குது மாமி. இன்னொரு முறை உருக்கலாம்" என்றார். "இப்ப வேண்டாம் நிஸாம் நானா" என்றாள் வசந்தி. அது இப்போது அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அறுந்த வால்களை நிஸாம் இன்னும் போத்தலில் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறார், எந்தச் சட்டியில் உருக்குவார் என்று எனக்குத் தெரியவில்லை. வசந்தி இப்போது கதைக்கிறாள். பாதை எப்போது திறக்கும் என்று என்னைவிட அவள்தான் அதிகம் கேட்கிறாள்.

ஒரு கவலை மட்டும் இருக்கிறது. என் கையும் இப்போது ஆடத் தொடங்கிவிட்டது. உங்கள் வியாதி எனக்கு எப்படி வந்தது? அதனால் ஒவ்வொரு நாளும் தேத்தண்ணியை ஒரு கோப்பையிலிருந்து மற்றக் கோப்பைக்கு நூலாக ஊற்றிப் பழகுகிறேன். பாதி நாட்களில் அறுந்துவிடுகிறது.

ஆனாலும் கேளுங்கள், மருமகன். பாதை திறக்கிற அன்றைக்கு முதல் பஸ்ஸில் நாங்கள் வெளிக்கிடுவோம். உங்களை மடியில் வைத்துக்கொண்டு வருவேன். எந்தச் சென்றியில் மூடியைத் திறக்கச் சொன்னாலும் திறந்து காட்டுவேன், இந்தத் தரம் பொய் சொல்ல மாட்டேன். கீரிமலையில் உங்கள் அம்மா என் பக்கத்தில் நிற்பார், ஐயர் என்ன சொன்னாலும் ஊற்றுகிறது நான்தான். பாலும் தண்ணீரும் விட்டுக் கரைப்பேன், அன்றைக்கு ஒருநாள் மட்டும் சட்டிக்கு ஈரம் ஆகும். மூக்கைக் கடலுக்குச் சரித்து, அடியிலே ஒரு துளி மிஞ்சாமல், இடையிலே ஒரு கோடு விழாமல், நூல் அறாமல் உங்களை ஊற்றுவேன்.

அதுவரைக்கும் கையைப் பழக்கிக்கொண்டிருக்கும்,
உங்கள் மாமி